மாமிக்குப் பிடித்த படம்

அந்தப் படம் பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம் என்று நடுவில் நின்று சொன்ன ஒருவரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. ஒன்றில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், அல்லது காறித் துப்பினார்கள். ஒரு கூட்டம் கசினோவைக் கொள்ளையடிக்கப் போகிறது. போகிற வழியிலும் சுடுகிறார்கள், போய்ச் சேர்ந்த பிறகும் சுடுகிறார்கள், கொள்ளையடித்த காசைப் பங்கு பிரிக்கும்போது ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள். கதை அவ்வளவுதான். பேஸ்புக்கில் விமர்சனம் எழுதியவர்களில் பாதிப்பேர் இப்படி ஒரு படம் தமிழில் வந்ததே இல்லை என்றார்கள். மற்றப் பாதியும் அதையேதான் சொன்னது, ஆனால் வேறு அர்த்தத்தில்.

எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற வயது. எங்கள் வீடு அன்புவழிபுரத்தில் இருந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்துக் களஞ்சியத்தில் வேலை. அப்பாவின் தங்கையான எங்கள் மாமி முன்பள்ளி ஒன்றில் படிப்பித்துக்கொண்டு எங்களோடு இருந்தார். தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தானே வளர்த்தவர் என்பதால், மாமிக்குக் கலியாணம் நடக்காதது தன்னுடைய குற்றம் என்றே அப்பா நடந்துகொள்வார். சோற்றில் உப்புக் கூடினால்கூட அந்தக் கதையில்தான் வந்து நிற்பார்.

எங்கள் ஊரில் பொம்பிளை பார்ப்பதற்கு நேரே வீட்டுக்கு வருவது குறைவு. கோயிலில் தற்செயலாகக் கண்டதுபோல இரண்டு குடும்பமும் சந்திக்கும். சரிவராவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, மரியாதையும் போகாது. மாமியைக் கோணேசர் கோயிலுக்கு இரண்டு தரம் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டும் சரிவரவில்லை. இரண்டாம் தரம் அர்ச்சனைத் தட்டு விற்கிற அம்மா, "இந்த இடமாவது பொருந்தட்டும் பிள்ளை" என்று வாய் நிறைய வாழ்த்தி அனுப்பினார். ஒருவருக்கும் தெரியாது என்கிற லட்சணம் அதுதான். வீட்டுக்கு வந்த மாமி, இனிமேல் இந்த விஷயமாகக் கோயில் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது இடம் சாம்பல்தீவில் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க், தகப்பன் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். மாமி மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அன்றிலிருந்து குசினிக்குள் சமைக்கும்போது அவருடைய பாட்டுக் கேட்டது. அம்மா அதைக் கவனித்து அப்பாவிடம் சொல்ல, அப்பாவுக்கு நித்திரையே போய்விட்டது. இது தவறக்கூடாது என்ற பதற்றத்தில் அவருக்குத் தோன்றிய யோசனைதான் தியேட்டர்.

"படம் பார்க்க வந்த இடத்தில கண்டு கதைச்ச மாதிரி இருக்கும். சனத்தோட சனமா இருக்கலாம். ஆருக்கு என்ன தெரியப்போகுது?" என்றார்.

பெருநாள் காலம் என்றபடியால் எல்லா இடமும் அந்தக் கசினோப் படம்தான் ஓடியது. அப்பா படமே பார்க்காத மனிதர். ஆனால் பொறுப்பானவர். ஆகவே காண்கிறவர்களிடமெல்லாம் குடும்பத்தோடு பார்க்கலாமா என்று விசாரித்தார். களஞ்சியத்தில் கூட வேலை செய்தவர், தலையிடிக்குப் போடுகிற குளிசை கொண்டு போகச் சொன்னார். அந்த ஆளுக்கு எதுதான் பிடிக்கும் என்று அப்பா அதைத் தள்ளிவிட்டார். சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரர், "ஓம் அண்ணை, நான் பெண்சாதி பிள்ளையளோட ரெண்டு தரம் பார்த்திட்டன்" என்றார். அது பொய்யில்லை. அவருடைய கடைசிப் பிள்ளை எங்கள் ஒழுங்கை முழுக்க எல்லோரையும் சுட்டுக்கொண்டு திரிந்தது. அப்பா அதை யோசிக்கவில்லை.

பின்னேரக் காட்சிக்குப் போனோம். மாமி புதுச் சேலை கட்டியிருந்தார். அதில் மாமி எவ்வளவு வடிவாக இருந்தார் என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மரியாதைப்படி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக ஒரே வரிசையில் இருந்தோம். மாப்பிள்ளை வரிசையின் அந்தத் தொங்கலில், மாமி இந்தத் தொங்கலில். நான் மாப்பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில். பிறகு விளக்கை அணைத்தார்கள்.

பொம்பிளை பார்க்க வந்த சனம் இருட்டுக்குள் இருக்கவேண்டி வரும் என்பதை எங்கள் வீட்டில் ஒரு பெரியவரும் யோசித்திருக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் பாவம், எட்டியெட்டிப் பார்த்தார். திரையில் துப்பாக்கி வெடித்து வெளிச்சம் வரும்போதெல்லாம் மாமியின் பக்கம் திரும்புவார். திரும்பி முடிவதற்குள் இருண்டுவிடும். படத்தில் வெடிக்குக் குறைவில்லை என்பதால் துண்டு துண்டாகவாவது மாமியைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதிபர் அசையவில்லை. மாப்பிள்ளை மட்டும், கதாநாயகன் பூட்ஸ் காலால் கசினோக் கதவை உடைத்தபோது விரலை வாயில் வைத்து விசிலடித்தார். ஆகா, நல்ல மாமா கிடைக்கப்போகிறார் என்று எனக்குச் சரியான சந்தோஷம். எனக்கும் படம் மெத்தப் பிடித்துக்கொண்டது.

படம் முடிந்து பக்கத்துக் கூல் பாருக்குப் போனோம். பலூடா வந்தது. உண்மையான பொம்பிளை பார்த்தல் அங்கேதான் நடக்கவேண்டும். ஆனால் அதிபருக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் மகனைப் பார்த்து, படம் எப்படி என்று கேட்டார். பரீட்சை வைப்பது போன்ற குரல்.

"சத்தம் கொஞ்சம் கூட, அப்பா," என்றார் விசிலடித்த மாப்பிள்ளை.

நான் வாயைத் திறக்க, அம்மா மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினார்.

அதிபர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "குடும்பத்துப் பிள்ளையளைக் கொண்டுவந்து காட்டுற படமோ இது? இதைத் தெரிவு செய்தது ஆர்? அவரின்ரை புத்தியை நான் என்னெண்டு சொல்லுறது?"

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. கரண்டியை வைத்துவிட்டு, எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் கதிரையைப் பின்னால் தள்ளினார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார். அதற்குள் மாமியின் குரல் கேட்டது.

"நான்தான் இந்தப் படத்துக்குப் போவம் எண்டு அண்ணையை ஆக்கினைப்படுத்தினனான். அவருக்கு ஒண்டும் தெரியாது."

"பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த வெட்டுக்கொத்துப் பிடிச்சிருக்கோ?"

"ஓம். எனக்கு நல்லாப் பிடிச்சது."

மாப்பிள்ளை நிமிர்ந்து மாமியைப் பார்த்தார். அன்று முழுவதும் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்தது அப்போதுதான். பிறகு அவர் குனிந்து பலூடாவைக் கலக்கத் தொடங்கினார்.

இரண்டு மூன்று நாளில் தரகர் வந்தார். பிள்ளை நல்ல பிள்ளைதானாம், ஆனால் கொஞ்சம் துணிஞ்ச சுபாவமாம், தங்களுக்கு அடக்கமான இடம்தான் சரிவருமாம். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மாமி கப்பைக் கழுவி வைத்தார், மறுநாள் வழமைபோல முன்பள்ளிக்குப் போனார். குசினிக்குள் பாட்டு நின்றுவிட்டது.

அதன்பிறகு எங்கள் வீட்டிலும் இரண்டு கட்சி. அந்த நாசமறுந்த படம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று அம்மா சொல்வார். தியேட்டரில் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவோ அதே படத்துக்காகச் சண்டைக்கு நிற்கத் தொடங்கினார். களஞ்சியத்தில் யாரோ குறை சொன்னதற்கு வாய்த்தர்க்கப்பட்டு வந்தார் என்றும் கேள்விப்பட்டோம். "என்ரை தங்கச்சிக்குப் பிடிச்ச படம். ரசனை உள்ள ஆக்களுக்குத்தான் விளங்கும்" என்பார். தங்கையின் கலியாணத்தைக் குழப்பிவிட்டோம், பிடித்த படம் ஒன்றையாவது காட்டினோம் என்று அந்த மனிதர் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இது இப்போது நான் சொல்வது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டில் இந்தப் படத்தை ரசிக்கத் தெரிந்த ஆட்கள் அப்பா, மாமி, நான் என்ற மூன்று பேர் என்பதுதான். பெருமையாக இருந்தது.

அடுத்த வருடம் ஒரு விடுமுறை நாளில் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அப்பா ஒலியைக் கூட்டி வைத்து, "பிள்ளை, ஓடிவா! உன்ரை படம் போடுறாங்கள்!" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். அவர் குரலில் அப்படி ஒரு உற்சாகத்தை அந்த வருடம் முழுக்க நான் கேட்டதில்லை. மாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அப்பா பின்னால் கதிரையில்.

தொலைக்காட்சிக்காக இரத்தத்தையெல்லாம் மறைத்து, வெட்டிக் கொத்திப் போட்டிருந்தார்கள். மாமி நிம்மதியாகப் பார்த்தார். கதாநாயகனின் கூட்டாளி முதல்தரம் வந்தபோது, "இவன் ஆர்?" என்று என்னிடம் கேட்டார். பிறகு, "ஐயோ, இவன் கள்ளனோ?" என்றார். கசினோவின் கதவு உடைந்தபோது, "எட, உள்ளுக்கு இவ்வளவு வடிவோ!" என்று வாயில் கைவைத்தார்.

எனக்குச் சினம் வந்துவிட்டது. "என்ன மாமி, எல்லாத்தையும் மறந்திட்டீங்களோ?"

மாமி சிரித்தார். என் காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஆனால் படத்தின் சத்தத்துக்கு மேலால் சொன்னார். "நான் அண்டைக்கு எங்கயடி பார்த்தனான்? முதல் வெடியோட கண்ணை மூடினனான். உன்ரை அம்மா தட்டித்தான் எழுப்பினவ."

பின்னால் கதிரையைத் தள்ளி அரக்கிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா வெளியே போய்க்கொண்டிருந்தார். விளம்பரம் வந்தபோது எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் மோட்டார் சைக்கிளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது காலையில்தான் கழுவியது.

"அப்பா, வாங்கோ! கடைசிச் சண்டை வரப்போகுது!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. அதன்பிறகு அப்பா அந்தப் படத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் பேசியதில்லை.

நான் உள்ளே வந்து மாமிக்கு மிச்சக் கதையை விளங்கப்படுத்தினேன். அன்று எனக்கு இரண்டு பேரிலும் கோபம். கண்ணை மூடிக்கொண்டிருந்து பார்த்த படம் எப்படி ஒருவருக்கு நல்லாப் பிடிக்கும்? அந்தப் படத்துக்காக ஊரோடு சண்டை பிடித்த மனிதர், நல்ல கட்டம் வரும்போது எதற்கு எழும்பிப் போகிறார்? பெரிய ஆட்களுக்கு ஒரு படத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டு, மாமியின் மடியில் தலையை வைத்துக் கடைசிவரை பார்த்தேன்.