முப்பது மீற்றர் மலை

என் மனைவிக்கு மலைப் பைத்தியம் பிடித்ததற்கு என்னுடைய நீரிழிவுதான் காரணம். நடக்காவிட்டால் ஊசிதான் என்று, ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சனில், எங்கள் குடும்ப வைத்தியர் சொல்லிவிட்டார். தனியே விட்டால் நான் பேக்கரி வரைக்கும்தான் நடப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் காரில் ஏற்றி சவர்லாந்து மலைப்பக்கம் கொண்டுபோகத் தொடங்கினாள். அங்கே ஒரு சின்ன மலையின் உச்சியில் தகரப் பெட்டிக்குள் ஒரு கொப்பி இருந்தது. ஏறியவர்கள் எழுதிவிட்டுப் போகும் கொப்பி. அதில் யாரோ ஒருவர், இது பட்டியலில் உள்ள மலை, எழுச்சி முப்பத்தொரு மீற்றர் என்று குறித்திருந்தார். நான் அவளுக்குத் தெரியாமல் பிஸ்கட் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். அவள் அந்த வரியைப் போனில் படம் எடுத்தாள். அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

பட்டியல் என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது. ஐந்தாறு ஜெர்மன்காரர்கள் சேர்ந்து அந்தப் பகுதியின் சின்ன மலைகளையெல்லாம் எண்ணி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். எல்லா மேடும் அதில் ஏறிவிடாது. ஒரு உச்சியிலிருந்து அதைவிட உயரமான அடுத்த மலைக்குப் போக, எந்த வழியால் போனாலும், முப்பது மீற்றராவது இறங்கத்தான் வேண்டுமென்றால் அது தனி மலை; அந்த இறக்கம்தான் எழுச்சி. இல்லாவிட்டால் அடுத்த மலையின் தோள், அவ்வளவுதான். எங்கள் நகரத்தைச் சுற்றி நிலக்கரிக் கழிவைக் கொட்டி உண்டாக்கிய பெரிய மேடுகள் இருக்கின்றன, வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அவற்றையும் சேர்த்தால் பெற்றோலாவது மிஞ்சுமே என்று கேட்டேன்.

"அது மனுசர் கொட்டினது. மலை எண்டால் தானா இருக்கவேணும்" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். தண்ணீர்த் தாங்கியை விட்டால் அண்ணாந்து பார்க்க அங்கே அதிகம் இல்லை. அவள் எனக்கு மலை பற்றி வகுப்பெடுக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் அவள் வேலை செய்வது மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஒரு இலக்கம் சந்தேகமாக இருந்தால் திரும்பவும் செய்து பார்ப்பாளே தவிர, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கமாட்டாள். அதே குணத்தோடு மாலை வேளைகளில் அரசாங்கத்தின் உயர வரைபடத்தைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தேடினாள். எட்டு மாதம் கழித்து, யாருடைய பட்டியலிலும் இல்லாத ஒரு மேட்டைக் கண்டுபிடித்தாள். பெயர் கூட இல்லாத மேடு. வரைபடத்தின்படி முப்பதுக்குக் கொஞ்சம் மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். நேரில் அளந்தால்தான் தெரியும். அளப்பதற்காக, இழுத்து மூடிய ஒரு கட்டட நிறுவனத்திடமிருந்து பழைய மட்டம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கினாள். மூன்று கால்களில் நிற்கும் தூரக்கண்ணாடி அது. கூடவே நாலு மீற்றர் அளவுத்தடியும், தடி தாழாமல் அடியில் வைக்க ஒரு கனத்த இரும்புத் தட்டும் வந்தன. அவற்றைச் சுமக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

அந்த மேட்டில் இருந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வண்டு தின்று தீர்த்திருந்தது. பட்ட மரங்களை வெட்டி எடுத்த இயந்திரம் தரையை உழுதுவிட்டுப் போயிருந்தது. உச்சியிலிருந்து படிப்படியாக இறங்கி வந்தோம். ஒவ்வொரு இடத்திலும் நான் தட்டை வைத்து, அதன்மேல் தடியை நிறுத்துவேன். அவள் தூரத்தில் கருவிக்குப் பின்னால் நின்று கூப்பிடுவாள்.

"தட்டு வைச்சாச்சோ?"

"ஓம்."

அதற்குப் பிறகுதான் வாசிப்பாள். இப்படி ஒரு பதினைந்து தடவை இருக்கும். கடைசி இடம் எங்கள் மேட்டுக்கும் அதைவிட உயரமான அடுத்த மலைக்கும் நடுவில் இருந்த பள்ளம். ஊற்று நீர் ஊறி, பாசி பிடித்துக் கிடந்தது. மழை வேறு தொடங்கிவிட்டது. அங்கே வந்து பார்த்தால் தட்டு என் கையில் இல்லை. முந்தின இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். திரும்பி ஏறப் பஞ்சியாக இருந்தது. தடியைப் பாசியில் ஊன்றினேன். களைப்பில் அதன்மேல் கொஞ்சம் சாய்ந்தும் நின்றேன்.

"தட்டு வைச்சாச்சோ?"

"ஓம்" என்றேன்.

சரிபார்ப்பதற்காகத் திரும்பவும் உச்சி வரைக்கும் அளந்துகொண்டு போனோம். அதே குழிக்குள் நின்ற தடியிலிருந்துதான் தொடங்கினோம் என்பதால் இரண்டு கணக்கும் அழகாகப் பொருந்திவிட்டன. முப்பது மீற்றர் ஆறு சென்றிமீற்றர். அவள் மழைக்குள் நின்று, தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படி எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை.

அளவை அனுப்பி மூன்றாம் நாள் பட்டியலில் புது மலை ஏறியது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவளுடைய முழுப்பெயர். அலுவலகங்களில் சந்திப்புக்கு நேரம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் எழுத்துக் கூட்டிச் சொல்கிற, அப்படிச் சொல்லியும் பிழையாகவே எழுதப்படுகிற அந்த நீளப் பெயர், ஒரு எழுத்தும் தவறாமல் இருந்தது. கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கும் மகளுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினாள். அந்த வரியை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். நான் தேநீரைப் பால் இல்லாமல் குடிக்கத் தொடங்கினேன்.

பத்து நாள் தாக்குப் பிடித்தேன். பதினோராம் நாள், அவள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"இஞ்சரும், அண்டைக்குக் கடைசி இடத்தில நான் தட்டு வைக்கேல்லை."

கத்துவாள் என்று நினைத்தேன். பானையைக் கீழே வைத்துவிட்டு, "தடி எவ்வளவு கீழ தாண்டது?" என்று மட்டும் கேட்டாள். ஒரு விரல் நீளம் காட்டினேன். என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப முப்பதுக்குக் காணாது" என்றாள். "எண்டாலும் விரலை நம்பேலாது. ஞாயிறு போவம்."

போனோம். இந்த முறை தட்டை நான் கீழே வைக்கும் ஒவ்வொரு தடவையும் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். அவள் கூப்பிட்டுக் கேட்பதை நிறுத்தவில்லை, குரலில் கோபமும் இல்லை. இறங்கும்போது ஒருதரம், ஏறும்போது ஒருதரம் அளந்தோம். இருபத்தொன்பது மீற்றர் தொண்ணூற்றாறு. நாலு சென்றிமீற்றர் குறைவு.

என் புத்தி எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "நாலு சென்றிமீற்றரை ஆர் பாக்கப்போகினம்? ஆரும் திரும்ப வந்து அளக்கப்போறேல்லை" என்றேன். அவள் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றியதும் கழற்றாததுமாகப் பட்டியல் வைத்திருப்பவருக்குக் கடிதம் எழுதினாள். அனுப்புவதற்கு முன்பு எனக்கு வாசித்துக் காட்டினாள். பள்ளத்தில் தடி மென்தரையில் தாழ்ந்திருந்தது, அதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன், சரியான அளவு இது, தயவுசெய்து மலையை நீக்கிவிடுங்கள். என்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"பிழை விட்டது நான் எண்டு எழுதும்."

"தடி பிடிச்சது நீங்கள். வாசிச்சு எழுதினது நான். கடைசி இடத்துக்கு இறங்கி வந்து பாத்திருக்கவேணும், மழை எண்டு வரேல்லை. அது என்ர பிழைதான்."

அனுப்பினாள். பிறகு கதவில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் மெதுவாகக் கிளப்பி எடுத்தாள். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் அழுவது கேட்டது. யார் முன்னாலும் அழாதவள். நான் கதவைத் தட்டவில்லை, தட்ட எனக்கு முகம் இல்லை. என்னோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு பெரிய மனுசி என்று, இத்தனை வருடம் அவளைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கணினியில் வரைபடத்தைத் திறந்து, இன்னும் இரண்டு இடம் சந்தேகமாக இருக்கிறது, அடுத்த ஞாயிறு ஒன்றைப் பார்க்கலாம் என்றாள்.

"தடி பிடிக்க வேற ஆரையும் கூட்டிக்கொண்டு போம். என்னை நம்பேலாது" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரியவே வந்திருக்காது. நீங்களா வந்து சொன்னனீங்கள் தானே. நீங்கள்தான் பிடிக்கவேணும்" என்றாள்.