ரிப்பேர் ஆகாத ஓவன்

எங்கள் வீட்டு மைக்ரோவேவ் ஓவனுக்கு ஆயுத பூஜை அன்று சந்தனமும் குங்குமமும் உண்டு. கண்ணாடிக் கதவின் ஓரத்தில் வைத்த பொட்டை மறுநாள் நானே சுரண்டி எடுப்பேன். கேக் செய்வேன், பிஸ்கட் செய்வேன் என்று கணவரை நச்சரித்து வாங்கியது. இன்றுவரை அதில் நான் செய்த உருப்படியான காரியம் அப்பளம் சுடுவதுதான். மற்றபடி காலையில் வைத்த சாம்பார் சாயங்காலம் அதற்குள் போய்ச் சூடாகி வரும்.

ஆனால் பராமரிப்பில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கொதிக்கவிடுவேன். உள்ளே ஆவி படிந்ததும் மெல்லிய துணியால் துடைத்து, ஈரம் காயக் கதவைத் திறந்து வைப்பேன். எவர்சில்வர் கிண்ணத்தை உள்ளே வைக்கப்போன கணவரின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். எங்களுடையது முட்டைகூட வேகாத வீடு. வேறு வாசனை எதுவும் ஓவனில் ஏறக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். கணவர் மறைமலை நகரில் வேலை செய்கிறார், கம்பெனி கேன்டீனில் ஆம்லெட் சாப்பிடுவார். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பேக்கரி கேக்கில் முட்டை இருக்கிறதா என்று நானும் கேட்டதில்லை. சட்டமெல்லாம் வீட்டு வாசலுக்கு உள்ளேதான்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு மாடிக்கு இரண்டே வீடு. எதிர்வீட்டு அக்காவின் கணவர் பல்லாவரம் பக்கம் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால் அக்கா என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், வயதில் மூத்தவர் என்றாலும். கறிவேப்பிலை, ஒரு டம்ளர் பால், பரணில் ஏற ஸ்டூல் என்று எங்கள் இரண்டு கதவுக்கும் நடுவே ஏதாவது ஒன்று போய் வந்துகொண்டே இருக்கும். ரம்ஜான் மாதம் பிறந்துவிட்டால் தினமும் சாயங்காலம் நோன்புக் கஞ்சி வரும். அவர்கள் கஞ்சியில் கொத்துக்கறி போடுவார்கள். எங்களுக்கென்று கறி போடுவதற்கு முன்பே, வேறு பாத்திரத்தில், வேறு கரண்டியால் எடுத்து வைத்துவிடுவார். நான் கேட்டு அல்ல. குடிவந்த முதல் வருடமே அவராக ஆரம்பித்தது.

இந்த வருடம் ரம்ஜானில் ஒருநாள், கேளம்பாக்கத்திலிருந்து அவருடைய நாத்தனார் குடும்பம் நோன்பு திறக்க வந்திருந்தது. பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம், அதன்மேல் இன்னொரு தட்டு.

“டீச்சர், கேஸ் தீந்துபோச்சு. புக் பண்ண சிலிண்டர் இன்னும் வரல. கறிக் குருமா காலையில வெச்சது, ஆறிக் கெடக்கு. உங்க ஓவன்ல அஞ்சு நிமிஷம் வெச்சுக்கட்டுமா? உங்க அடுப்புல வெக்கக் கேக்கமாட்டேன். ஓவன்னா இப்படியே மூடி வெச்சுடலாம், ஒரு சொட்டு சிந்தாது. அப்புறம் நானே தொடச்சும் குடுத்துடறேன்.”

ஒரு நிமிடம் யோசித்திருந்தால்கூட வேறு பதில் வந்திருக்கலாம். யோசிக்கவே இல்லை.

“ஐயோ அக்கா, ஓவன் ரிப்பேர். ரெண்டு நாளா ஆனே ஆகல. உயிரே இல்ல.”

“அப்படியா? சரி சரி, பரவால்ல” என்று திரும்பிப் போனார். கதவைச் சாத்தினேன். வீட்டில் மாமியார் இல்லை, அவர் மேல் பழி போட. கணவர் இன்னும் கம்பெனி பஸ்ஸில் இருந்தார். வேண்டாம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. எலுமிச்சைத் தோலைக் கொதிக்கவிட்டால் எந்த வாசனையும் போய்விடும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? பாங்கு சத்தம் கேட்டதும் எதிர்வீட்டில் பேச்சு அடங்கியது. நான் சமையலறையில் நின்றுகொண்டு, அவர்கள் ஆறிப்போன குருமாவில் கடைப் பரோட்டாவைத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அசிங்கமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கஞ்சி வந்தது. “சிலிண்டர் வந்துருச்சு. நேத்து குருமாவ ரைஸ் குக்கர்ல வெச்சு அரைகுறையா சூடு பண்ணிட்டோம் டீச்சர். பசியில யாரு பாக்கறாங்க?” என்று சிரித்தார். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அந்தக் கஞ்சியை நான் தொடவில்லை. கணவர் இரண்டு பேர் பங்கையும் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

பொய் சொல்லியாயிற்று. இனி அதைக் காப்பாற்ற வேண்டுமே. ஓவன் முடியும்போது பீப் பீப் என்று கத்தும், எதிர்வீடு வரை கேட்கும். அதனால் எதைச் சூடு பண்ணினாலும் பக்கத்திலேயே காவல் நின்று, கத்துவதற்கு முன் நிறுத்தினேன். வகுப்பில் பிள்ளைகளிடம் உண்மை பேச வேண்டும் என்று பாடம் நடத்துகிறவள், வீட்டில் ஓவனின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கணவரிடம் விஷயத்தைச் சொல்ல வெட்கம், சொல்லவில்லை. விளைவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பாப்கார்ன் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார். அதே நேரம் நான் கதவைத் திறந்து அக்காவிடம் கஞ்சி வாங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ஓவன் கத்தியது.

“சரியாயிடுச்சா டீச்சர்? நல்லதாப் போச்சு.”

“ஆமாக்கா. மெக்கானிக் வந்து பாத்துட்டுப் போனாரு.”

“எந்த மெக்கானிக்?” என்று உள்ளேயிருந்து கேட்டார் கணவர். அவருக்கு அன்றைக்குப் பார்த்துக் காது நன்றாகக் கேட்டது. அக்கா எதுவும் கேட்காததுபோலப் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பெருநாள் வரை ஒருநாள் விடாமல் கஞ்சி வந்தது. பெருநாளன்று எங்களுக்கு மட்டும் தனியாகக் காய்கறி பிரியாணி. ஆனால் அக்கா எதையும் கேட்டு வருவது நின்றுபோயிருந்தது. முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவர் என் வாசலைத் தாண்டிக் கீழே இறங்கிப் போய், தரைத்தள வீட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு, மூட்டுவலியோடு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். என் வீட்டு ஃபிரிட்ஜில் கறிவேப்பிலை கட்டுக்கட்டாக இருந்தது. அது அவருக்கும் தெரியும். “என்னக்கா, என்கிட்ட கேக்கக் கூடாதா?” என்றேன். “ஒரு நடை நடந்த மாதிரி இருக்கட்டுமேன்னு போனேன்” என்றார். அன்றைக்குத்தான் பயம் வந்தது. தினம் வாசலில் பார்த்துச் சிரித்தபடியே இந்த மனுஷி எனக்கு இல்லாமல் போய்விடுவாரோ என்று.

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். தரையில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்து உருவினேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

“அக்கா, அன்னைக்கு ஓவன் ரிப்பேர் இல்ல.”

கீரையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. “தெரியும் டீச்சர்.”

“பாப்கார்ன் அன்னைக்குத் தெரிஞ்சுதா?”

“இல்ல, கேக்க வந்த அன்னைக்கே. நீங்க பேசிக்கிட்டு இருந்தப்ப உங்க ஓவன்லதான் மணி பாத்தேன், நோன்பு தொறக்க இன்னும் எவ்ளோ நேரம் இருக்குன்னு.”

எங்கள் வாசலில் நின்றால் நேர் எதிரே தெரிவது சமையல் மேடை. உயிரே இல்லை என்று நான் சொன்ன ஓவன், என் முதுகுக்குப் பின்னால் பச்சை எழுத்தில் மணி காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதைப் பார்த்த மறுநாள்தான் அவர் வழக்கம்போல எங்களுக்குக் கஞ்சியைத் தனியாக எடுத்து வைத்து, சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதன் பிறகு நான் தினமும் ஓவன் பக்கத்தில் நின்று காவல் காத்ததை நினைத்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

“அப்பவே ஏன்க்கா என்னைத் திட்டல?”

“எதுக்குத் திட்டணும்? நீங்க கறி சாப்பிடாதவங்க. முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்.” முறத்தைத் தட்டி, காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். “அதான் அப்புறம் எதுவும் கேக்கல. நான் கேட்டா, நீங்க இன்னொரு பொய் சொல்லணும். உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். இனிமேல் எது வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள், கறியோ மீனோ, என் ஓவனில் வையுங்கள் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

“சரி டீச்சர்” என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனார்.

இதுவரை எதுவும் கேட்டு வரவில்லை.