இடது பக்க நாற்காலி

விமானத்தில் இடது இருக்கை கேப்டனுக்கு, வலது இருக்கை துணை விமானிக்கு. கேப்டனான எங்கள் சித்தப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் இடது நாற்காலியை யாருக்கும் விட்டதில்லை.

அறுபத்தைந்தில் ஓய்வு என்ற விதிப்படி அவர் அடுத்த வாரம் இறங்கியாக வேண்டும்.

"கண்ணு, காது எல்லாம் நல்லாருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார். வயசு வரம்பை ரெண்டு வருஷம் ஏத்துனா குடியா முழுகிடும்?" என்று சாப்பிடும்போது மல்லுக்கு நின்றார்.

அவரது விமானக் கம்பெனியிலேயே துணை விமானியாக இருக்கும் மகள் சொன்னாள்: "முழுகாதுப்பா. பெரியவங்க எந்திரிச்சாதானே நான் கேப்டனாக முடியும்? இன்னும் ரெண்டு வருஷம் நான் வலது பக்கமே உட்காரணுமா?"

சித்தப்பா, "சரி, இந்த நாற்காலியை நீயே எடுத்துக்கோ. சாப்பிட்டு எந்திரிச்சுடறேன்," என்றார்.

தட்டு காலியாகப் போகும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் தானே பரிமாறிக்கொண்டார்.