பதினேழாம் நம்பர்

சர்வே அக்காவுக்குப் போனில் வசவு வாங்குவதுதான் பிழைப்பு. வேலையில்லாதவர்களுக்கு அரசு கொடுத்த ஆறுமாதப் பயிற்சி உருப்பட்டதா என்று, அதை முடித்த நாற்பது பேரை வருஷத்துக்கு மூன்று தடவை கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் வீட்டார் சொல்வதே பதில். அது ஆபீஸ் விதி.

பதினேழாம் நம்பரில் எப்போதும் அம்மாதான் எடுப்பாள். "இப்பத்தாம்மா டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனான்." மூன்று தடவையும் அதே வார்த்தை, அதே இழுப்பு. அக்காவும் மூன்று தடவை 'வேலையில் இருக்கிறார்' என்று டிக் அடித்தாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் வேலை கிடைக்காமலோ, கிடைத்ததை விட்டுவிட்டோ நின்றார்கள்.

அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. "ஒருத்தனாவது நிலைச்சானே! போட்டோ எடுத்துட்டு வாங்க, அறிக்கை அட்டையில போட்டுடலாம்."

அக்கா வீடு தேடிப் போனாள். கதவைத் திறந்தது பையனின் அப்பா. விஷயத்தைக் கேட்டதும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"பயிற்சி முடிஞ்ச மறுவாரமே லாரி அடிச்சிடுச்சும்மா. போய்ச் சேர்ந்துட்டான். அவன் அம்மா இன்னும் தினமும் சாப்பாடு கட்டுறா. நான்தான் எடுத்துட்டுப் போய், எங்கயாவது உக்காந்து சாப்பிட்டுட்டு, டப்பாவைக் கழுவிக் கொண்டாந்து வைக்கிறேன்."

"ஆள் ஊர்ல இல்ல சார்" என்று அதிகாரியிடம் சொல்லி வைத்தாள் அக்கா.

அடுத்த சுற்றும் வந்தது. பதினேழாம் நம்பரை அழுத்தினாள்.

"இப்பத்தாம்மா போனான்."

"நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கம்மா" என்றாள் அக்கா. டிக் அடித்தாள்.