நான் சேர்த்த நான்காம் பிரிவு

2025 டிசம்பர் 27, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். அவுஸ்திரேலியாவின் வென்ட்வேர்த்வில்லில் முப்பத்தொரு பாகை வெயில், காற்று இல்லை. பலசரக்குக் கடையில் எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். பேத்தியும் என்னோடு வந்திருந்தாள். என் மகளின் ஒரே பிள்ளை. கரப்பந்தாட்டத்துக்காகக் கிடைத்த புலமைப்பரிசிலில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பதினெட்டு நாள் விடுமுறையில் ஒன்பது நாள் முடிந்திருந்தது.

கடைக்காரர் அவளை அண்ணாந்து பார்த்தார். அவள் ஆறடி ஓர் அங்குலம்.

"பிள்ளை, எங்கட மிளகாய்த்தூள் பக்கெற்றைப் பிடிச்சுக்கொண்டு ஒரு படம் எடுத்துத் தாறியோ? பொங்கலுக்குக் குடுக்கிற கலண்டருக்கு. ரெண்டாயிரம் தாறன்."

வரிசையில் நின்ற ஓர் அன்ரி, "கலண்டரை நீளமா அடியுங்கோ அண்ணை. இல்லாட்டிப் பிள்ளை இடுப்புக்கு மேல தெரியாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு படத்துக்கு இரண்டாயிரம் டொலரா என்பதுதான் என் யோசனை.

காரில் அவளிடம் கேட்டேன். "உங்கட கொலிஜ் இதுக்கு விடுமோ?"

"அவையால தடுக்க ஏலாது அம்மப்பா. கோர்ட்டில தோத்திட்டினம். விசாதான் பிரச்சினை. அங்க நான் வேலை செய்யக்கூடாது. இங்க எடுத்தா ஓகே."

அவள் சொன்னதை அப்படியே விட்டிருக்கலாம். நாற்பது வருடம் கணக்காய்வில் இருந்தவன் நான். எதையும் வாசிக்காமல் நம்புவதில்லை. மூன்று நாள் கணினி முன்னால் இருந்து நூற்றுப் பதினெட்டுப் பக்கம் வாசித்தேன். அவள் சொன்னது சரிதான். கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கம் பல வருடங்களாக மாணவர்களை விளம்பரப் பணம் தொடவிடாமல் வைத்திருந்தது. போட்டியிட வேண்டிய கல்லூரிகள் எல்லாம் ஒன்றுகூடி ஒருவருடைய உழைப்புக்கு விலை கட்டுவது சட்டத்துக்கு ஒத்து வராது என்ற வாதம் நீதிமன்றங்களில் எடுபட்டது. மாநிலங்களும் தங்கள் பங்குக்குச் சட்டம் போட்டன. சங்கத்தின் கையில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான்: அறுநூறு அமெரிக்க டொலரும் அதற்கு மேலும் என்றால் அறிவிக்க வேண்டும், விளம்பரம் உண்மையான வியாபாரத்துக்காக இருக்க வேண்டும், தொகை நியாயமானதாக இருக்க வேண்டும்.

அந்த 'நியாயமானது' என்ற சொல் எனக்கு நித்திரை தரவில்லை. ஒரு படம், ஒரு பக்கெற், இரண்டாயிரம் டொலர். எந்தக் கணக்காய்வாளன் இதை ஏற்பான்? நானே ஏற்கமாட்டேன்.

கடைக்காரரிடம் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்றேன்.

"மிளகாய்த்தூளுக்கு ஒப்பந்தமோ ஐயா? நாளைக்குக் கருவேப்பிலைக்கும் கேப்பியள் போல."

நானே எழுதினேன். இரண்டு பக்கம், ஏழு பிரிவுகள். கல்லூரிச் சின்னம் உள்ள சட்டை போடக்கூடாது என்பது இரண்டாம் பிரிவு. தொகைக்கு ஈடாக வேலை காட்ட வேண்டுமே என்று நான்காம் பிரிவைச் சேர்த்தேன்: பெப்ரவரி தொடக்கம் ஆறு மாதம், மாதம் ஒரு காணொளி, முப்பது விநாடி, அவளுடைய சமூக ஊடகப் பக்கத்தில். கடைக்காரர் அதைக் கேட்கவே இல்லை. தன் அறையில் இருந்தபடி ஒரு பக்கெற்றைத் தூக்கிக் காட்டி முப்பது விநாடி பேசுவதை வேலை என்று நான் எண்ணவும் இல்லை.

அவள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். "நீங்க செக் பண்ணினா காணும்" என்றாள். கடையில் படம் எடுத்து, பணத்தையும் வாங்கிக்கொண்டு, ஜனவரி ஐந்தாம் திகதி விமானம் ஏறினாள்.

பெப்ரவரி 3ஆம் திகதி முதல் காணொளி வந்தது. நான் பதினொரு தடவை பார்த்தேன். ஐந்தாம் திகதி கல்லூரியில் விதிமுறைகளைக் கவனிக்கும் பெண் அதிகாரி அவளைக் கூப்பிட்டார். அறிவித்த ஒப்பந்தத்தை அன்றுதான் முழுதாக வாசித்திருக்கிறார். தொகையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. நான்காம் பிரிவில் விரலை வைத்து, இந்தக் காணொளியை எங்கே இருந்து எடுத்தாய் என்று மட்டும் கேட்டாராம்.

மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, அந்த ஆறு வீடியோவை ஆர் போடச் சொன்னது?"

"தொகை நியாயமா இருக்கவேணும் எண்டு…"

"ஆர் கேட்டது? கடைக்காரன் கேட்டவனோ? கொலிஜ் கேட்டதோ?"

ஒருவரும் கேட்கவில்லை. விளையாட்டுச் சங்கத்தின் அத்தனை விதிகளாலும் அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை. விளையாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத மாணவர் விசாவின் விதி பிடித்துவிட்டது. அதற்கு வழி திறந்தது என் பேனா.

அங்கே குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தோம். காணொளியை எடுத்துவிட வேண்டும், ஒப்பந்தத்தை எழுத்தில் ரத்துச் செய்ய வேண்டும், பணம் திரும்பிப் போனதற்கு வங்கிச் சான்று வேண்டும் என்றார். அவள் கையில் அந்தப் பணம் இல்லை; முழங்கால் சிகிச்சைக்குப் போய்விட்டது. இரண்டாயிரத்தை நான் அவள் கணக்குக்கு அனுப்பினேன், அவள் அங்கிருந்து கடைக்குத் திருப்பவேண்டும்.

கடைக்காரர் கணக்கு இலக்கம் தர மறுத்தார்.

"படிக்கப் போன பிள்ளைக்குச் சந்தோசமாக் குடுத்த காசு. அதைத் திருப்பி வாங்கினா என்ர கடை விளங்குமோ?"

ஒப்பந்தத்தில் ஒரு சிக்கல் என்றேன். தொகை கூடிவிட்டது என்றேன். அவர் கையை விரித்தார். இரண்டாம் நாளும் போனேன், மூன்றாம் நாளும் போனேன். சட்டத்தரணி சொன்ன தவணைக்கு இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் என் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். அதில் இருவர் என் மகளைத் தெரிந்தவர்கள். தணிந்த குரலில்தான் தொடங்கினேன். போகப் போகக் குரல் உயர்ந்துவிட்டது.

"அவளின்ர விசா போயிடும் தம்பி. பிழை என்னுடையது. நீங்கள் கேக்காததை நான்தான் எழுதினனான்."

கடைக்காரர் கடதாசித் துண்டொன்றைக் கிழித்து இலக்கத்தை எழுதினார். பிறகு கதிரையில் ஏறி, சுவரில் இருந்த அவள் படத்தைக் கழற்றினார். இங்கே எடுத்த படம்தானே, அது சுவரிலேயே இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கடதாசித் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கல்லூரி அவளை அணியில் வைத்திருக்கிறது. புலமைப்பரிசிலும் நிற்கிறது. ஆனால் சட்டத்தரணி கடைசியாக ஒன்று சொன்னார்: படிப்பு முடியும்வரை நாட்டைவிட்டு வெளியே போகாதே; திரும்பி வரும்போது எல்லையில் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன ஆகும் என்று என்னால் உறுதி தர முடியாது. இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. எனக்கு எண்பத்தொன்று.

ஞாயிறுகளில் அவள் பேசுகிறாள். "இட்ஸ் ஓகே அம்மப்பா" என்கிறாள். முன்பெல்லாம் அரை மணித்தியாலம் பேசுவாள். இப்போது ஆறு நிமிடம், ஏழு நிமிடம்.

ஜூன் விடுமுறைக்கு அவளுக்கு நான் வாங்கிவைத்திருந்த விமானச் சீட்டை நேற்று ரத்துச் செய்தேன். மலிவாக இருந்ததால் பணம் திரும்பக் கிடைக்காத வகையில் வாங்கியிருந்தேன்: ஆயிரத்து அறுநூற்று எண்பத்து நான்கு. கடைக்குத் திருப்பியது இரண்டாயிரம். சட்டத்தரணிக்கு, நம் டொலரில், இரண்டாயிரத்து நூற்று அறுபத்து நான்கு. வங்கிக் கட்டணம் முப்பது. மொத்தம் ஐயாயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டு டொலர்.