கலியமூர்த்தி போட்ட விமானக் கணக்கு

முந்திரியும் பலாவும் ஒரே புயலில் வேரோடு சாய்ந்த வருஷம் என்றால் கடலூர்க்காரர்களுக்கு வேறு அடையாளம் வேண்டாம். அதற்கடுத்த சித்திரையில்தான் கலியமூர்த்தியின் மண்டை உடைந்தது. போன வெள்ளிக்கிழமை அவன் போய்விட்டான் என்று சிதம்பரத்திலிருந்து போன் வந்தபோது, எனக்கு முதலில் தெரிந்தது அந்த ரத்தம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். சொல்கிறேன், அவனைத் தெரிந்தவர்கள் கேளுங்கள்.

கலியமூர்த்தி என் மனைவியின் தம்பி. சிதம்பரம் கீழவீதியில் பூக்கடை வைத்திருந்தவன். அந்தச் சித்திரையில் மேல்பட்டாம்பாக்கத்தில் அவனுடைய தாய்மாமன் வேலாயுதம் இறந்தார். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் பாஸ்கர் கனடாவில் இருந்தான். கூடவே இருந்து மலஜலம் அள்ளியவன் இளையவன் சேகர். கொள்ளியும் தனக்கே என்றான்.

புதன்கிழமை காலையில் ஏறுகிறேன், பதிமூவாயிரம் கிலோமீட்டர், நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறி, மொத்தம் இருபத்துநாலு மணி நேரம் என்று பாஸ்கர் போனில் சொன்னான். கலியமூர்த்தி விரல் விட்டு எண்ணி, வியாழக்கிழமை காலை மெட்ராஸில் இறங்குவான், மூன்று மணிக்குள் இங்கே இருப்பான் என்று தெருவுக்கே சொல்லிவிட்டான். அங்கே காலை என்றால் இங்கே பொழுது சாய்ந்திருக்கும் என்பது எங்கள் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

மூன்று மணி ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. பாஸ்கரின் போன் அணைந்து கிடந்தது. பொழுது இறங்கிவிட்டால் எங்களில் எரிப்பதில்லை. சேகர் பிணத்தைப் பாடையில் ஏற்றிவிட்டான்.

"எங்க மச்சான் அவன்? கனடாவுலேர்ந்து நடந்தா வரான்?"

"என் கணக்கு தப்பா இருக்கும்டா. அவன் வராம இருக்கமாட்டான்."

சொல்லிவிட்டுக் கலியமூர்த்தி பாடையின் குறுக்கே விழுந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டான். சேகர் அவன் இடுப்பில் மிதித்தான். விலக்கப் போன என் விலாவில் எவனோ குத்தினான். நான் ஒருவனைக் கடித்தேன். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்கள். மிச்சமிருந்த பச்சை மூங்கிலை எடுத்து சேகர் ஓங்கி ஒரே போடு. தேங்காய் உடைந்த மாதிரி சத்தம். ரத்தம் வேலாயுதத்தின் கோடித்துணியில் பீய்ச்சி அடித்தது.

தூக்க வந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். ரத்தம் பட்ட பாடையை எடுத்தால் இன்னொரு சாவு விழும் என்பது எங்கள் பக்கத்துப் பயம். வேறு மூங்கில் வெட்டி வருவதற்குள் இருட்டிவிட்டது. வேலாயுதம் மறுபடி ஐஸ் பெட்டிக்குள் போனார்.

கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் என் மடியில் கிடந்தவன், "தூக்கிட்டாங்களா மாமா?" என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தான்.

விடிவதற்குள் பாஸ்கர் வந்துவிட்டான். அப்பன் முகத்தைப் பார்த்தான், கொள்ளி வைத்தான். தலைக்கட்டோடு வந்து நின்ற கலியமூர்த்தி அவனிடம், "உங்க ஊர்ல விடியறதுக்குள்ள எங்க ஊர்ல மண்ட ஒடஞ்சிபோச்சிடா" என்றான். அழுதுகொண்டிருந்த பாஸ்கர் சிரித்துவிட்டான்.

அதே பாஸ்கர் கொரோனாவில் கனடாவிலேயே செத்தான். விமானமே ஓடவில்லை. சேகர் செல்போனில் அண்ணன் எரிவதைப் பார்த்தான்.

ஆட்டோவில் என் சட்டையை முறுக்கிப் பிடித்திருந்த கலியமூர்த்தியின் கை, அதுதான் எனக்கு மிஞ்சியது. மற்றபடி அன்று கட்டிப் புரண்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். என்னை விட்டால் இன்னும் ஒருவன்தான் இருக்கிறான். வெள்ளிக்கிழமையிலிருந்து சோறு இறங்காமல் அந்தப் பூக்கடை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான், சேகர்.