வில்ஃபுக்கு மட்டும் தடை

அந்த மில் ஊரில் மிச்சமிருந்தது 'ஷட்டில்' என்ற ஒரே ஒரு பப்தான். அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் கொதித்தெழுந்தவர் வில்ஃப் என்ட்விசில். ஊரிலேயே அந்தப் பப்புக்குள் காலெடுத்து வைக்க முடியாத ஒரே ஆளும் அவர்தான். கூத்தைப் பாருங்கள்!

வில்ஃப் தறி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, கூட்டம் நிரம்பி வழியும்போது, ஒரு வாய் பியர் குடித்துவிட்டு, "என்ன மேவிஸ், பாத்திரம் கழுவின தண்ணியை ஊத்திட்டியா?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பியர் புளித்துத்தான் போயிருந்தது. ஆனால் பப்பை நடத்தும் மேவிஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வெளியே போய்யா! நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதே!" அங்கெல்லாம் பப்காரி போட்ட தடையைப் போலீஸ்கூட எடுக்க முடியாது.

அன்றிலிருந்து எதிர்ச்சாரியில் தன் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து, டப்பா பியரைக் குடித்துக்கொண்டு ஷட்டிலின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். என்றைக்காவது கூப்பிட மாட்டாளா என்ற நப்பாசைதான். கட்டடமே போய்விட்டால் எங்கே கூப்பிடுவது?

அதனால் ஓடினார். வீடு வீடாகக் கதவைத் தட்டினார். மழையில் கோஷம் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போராட்டக் குழு கூடியதோ பப்புக்குள்ளே. இவர் வெளியே நின்று ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கருத்துச் சொன்னார். மில் சங்கத்தில் பேசிப் பேசி உரமேறிய குரல். இடிக்க அனுமதி கொடுப்பதா என்று நகர மன்றம் நடத்தும் விசாரணையில் அவரே பேசட்டும் என்று முடிவாயிற்று.

முந்தின நாள் குழுத் தலைவர் டெஸ்மண்ட் மேவிஸிடம் கெஞ்சினார். "தடையை எடுத்துடும்மா. நாளைக்கு நமக்காகப் பேசப் போற மனுசன்."

"அன்னைக்கு பியர் நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். எடுத்துடறேன்."

வில்ஃப் வெளியே நின்ற ஜன்னலுக்கு டெஸ்மண்ட் ஓடிவந்தார். "சொல்லித் தொலையேன் வில்ஃப். வாய் தேஞ்சா போயிடும்?"

"புளிச்சதைப் புளிச்சதுன்னுதான் சொல்லுவேன்."

இரண்டு கழுதைகளும் இறங்கி வரவில்லை.

விசாரணையில் வில்ஃப் வெளுத்து வாங்கினார். "கல்யாணமோ சாவோ வேலைநிறுத்தமோ, நாங்க கூடினது அங்கதான். அதையும் புடுங்கிட்டா அவனவன் வீட்டுல தனியா கெடந்து சாவான்!" மண்டபமே கைதட்டியது. கட்டடக் கம்பெனியின் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, நீங்க கடைசியா அங்க எப்போ குடிச்சீங்க?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த வாய்க்கு அது வராதே! "ஒன்பது வருசம் ஆச்சு. என்னை உள்ள விட மாட்டாங்க."

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் மன்ற உறுப்பினர்களும் சிரித்தார்கள். பின்வரிசையில் மேவிஸ் துள்ளி எழுந்தார். "எடுத்துட்டேன்! தடையை இப்பவே எடுத்துட்டேன்! வில்ஃப், நீ வரலாம்யா!" சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. இடிக்க அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

ஊரே ஷட்டிலுக்குத் திரும்பியது. வில்ஃபும் போனார். வாசலில் தொப்பியைக் கழற்றினார், காலணியை நன்றாகத் துடைத்தார், உள்ளே வந்தார்.

"வந்துட்டான் பாரு, குடி கெடுத்தவன்" என்றது ஒரு குரல்.

பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அவரோடு மழையில் நின்றவர்கள்தான், பாவிகள்! மேவிஸ் குனிந்து கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. வில்ஃப் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு அவராகவே வெளியே போனார். யாரும் போகச் சொல்லவில்லை.